உலைக்குள் பனி

இயக்குநர் உடைந்த கம்பியை இரண்டு விரலால் எடுத்தார். ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் உருட்டிவிட்டார். அது தண்ணீர்ப் பாட்டிலில் முட்டி நின்றது.

"பாவம், நல்லாத்தான்ம்மா முயற்சி பண்ணீங்க" என்றார்.

அந்தப் 'பாவம்' அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றுவிட்டாய் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கடையில் பொம்மை கேட்டு அழும் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் அதே முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். உலோகவியல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்தே கூட்டங்களில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'மியூட் மேடம்' என்று பெயர். டி.வி. ரிமோட்டில் இருக்கும் அந்தப் பொத்தான்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் பெயர் நிலைத்துவிட்டது.

அணு உலையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதற்காக உள்ளே நீளமான குழாய்களைச் செருகி வைப்பார்கள். விரல் தடிமன் இருக்கும். குழாய்க்குள் இருக்கும் கருவி நியூட்ரான்களை எண்ணி வெளியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயின் உறைதான் அவள் வேலை. உறை சூட்டைத் தாங்க வேண்டும். விரிசல் விட்டால் உள்ளே அடைத்த வாயு கசியும், எண்ணிக்கை பொய்யாகும், குழாயை உருவி வேறு செருக வேண்டும். உருவ மனிதர்கள் போக வேண்டும்.

இப்போது உறைக்கு வெளியிலிருந்து வாங்கும் உலோகக்கலவையில் கோபால்ட் இருக்கிறது. கோபால்ட் சூட்டைத் தாங்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நியூட்ரான்களுக்கு நடுவில் கிடந்தால் அது சும்மா இருக்காது. தானே கதிர்வீசத் தொடங்கிவிடும். உருவப் போகிறவர்களின் உடம்பில்தான் அந்தக் கணக்கு ஏறும். அவள் கோபால்ட் ஒரு துளியும் இல்லாமல், நிக்கலை அடிப்படையாக வைத்து ஒரு கலவை செய்தாள். நான்கு வருட வேலை. அதிலிருந்து கடைந்த கம்பிகளை ஆய்வகத்து மின்சாரச் சோதனை உலைக்குள் தொங்கவிட்டு, கீழே எடை கட்டி, எழுநூற்றைம்பது டிகிரியில் வைத்தார்கள். ஒரு வருடம் தாங்கும் என்று அவள் கணக்கு போட்டிருந்தாள். இரண்டாவது மாதமே ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன.

"உலையில சூடு ஏறி இறங்கியிருக்குமோ?" என்று ஓர் உறுப்பினர் ஒப்புக்குக் கேட்டார்.

கருவிப் பிரிவின் தலைவர் சிரித்தார். "ஒரு டிகிரிகூட ஆடலை சார். பாறை மாதிரி நின்னுச்சு. புது உலைக்கு வயரிங் நானே என் கையால பண்ணினது. கருவி பொய் சொல்லாது."

கருவிப் பிரிவின் தலைவர் அவளுடைய கணவர். ஆய்வகத்தில் அவரை அவள் 'சார்' என்பாள். வீட்டில் 'ஏங்க'. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே இரண்டு இடத்திலும் குறைவாகப் பேசுவாள்.

"அப்ப முடிச்சுக்கலாம்" என்றார் இயக்குநர். "பழைய கலவைக்கே பத்து வருஷத்துக்கு ஆர்டர் போட்டுடலாம். இவங்க வார்ப்புக் கட்டி ஒண்ணு மிச்சம் இருக்குல்ல? நாளைக்கு உருக்குக்கூடத்துக்கு அனுப்பிடுங்க. நிக்கல் விக்கிற விலைக்கு சும்மா கிடக்க வேண்டாம்."

அவள் உடைந்த கம்பிகளைப் பொறுக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள், வெளியே வந்து விரித்தபோது முறிந்த முனை உள்ளங்கையில் பல்போலப் பதிந்திருந்தது.

மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை. கம்பியை நறுக்கி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஏற்கெனவே ஒரு துண்டைப் பார்த்திருந்தாள். ஆனால் அப்போது அவள் முறிந்த இடத்தை மட்டுமே பார்த்தாள். எங்கே விரிசல் தொடங்கியது, எப்படிப் பரவியது என்று. ஊரே எரியும்போது தன் வீட்டுக் கதவை மட்டும் பார்ப்பதுபோல. இன்றைக்குக் கோபத்தில், முறிவிலிருந்து தள்ளி, ஒன்றும் ஆகாத பகுதியைப் பார்த்தாள்.

அவளுடைய கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். கம்பிக்கு பலம் கொடுப்பவை அவைதான். சூட்டில் கிடக்கக் கிடக்க அவை மெல்லப் பருக்கும். எத்தனை டிகிரியில் எத்தனை நாளில் எவ்வளவு பருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். இதில் அவை அளவுக்கு மீறி ஊதிக் கிடந்தன. எழுநூற்றைம்பதில் இப்படி ஆகவே ஆகாது. எண்ணூறில் ஆகும்.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். ஐம்பது டிகிரி. ஒருவன் தலையில் ஒரு மூட்டை ஏற்றுவதாகச் சொல்லி மூன்று மூட்டை ஏற்றிவிட்டு, நடு வழியில் விழுந்தவனைப் பார்த்து 'பாவம்' என்றிருக்கிறார்கள்.

உலைக்கூடத்துக்கு இறங்கிப் போனாள். உலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், துக்கம் விசாரிக்க வந்தீங்களா?" என்றார். "உங்க கம்பி செத்த வீடு இதுதான்."

"தெர்மோகப்பிள் மூடியைக் கழட்டணும்ண்ணே."

தெர்மோகப்பிள் என்பது உலையின் சூட்டை அளக்க, வேறு வேறு உலோகத்தால் ஆன இரண்டு கம்பிகளை நுனியில் சேர்த்தது. நுனி உலைக்குள் இருக்கும். மறுபுறம் உலைக்கு வெளியே ஒரு சிறிய இணைப்புப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து அதே உலோகங்களால் ஆன ஒரு கேபிள், குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையில் எண்ணாக மாறும். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ்.

ஆபரேட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே கேபிளின் சிவப்புக் கம்பி பிளஸ் திருகில் இருந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சிவப்பு என்றால் பிளஸ் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கேபிளின் மேலுறையைத் திருப்பி, அச்சடித்திருந்த சிறிய எழுத்தைப் படித்தாள். பழைய உலைகளுக்கு வாங்கிய கேபிள் இல்லை இது, வேறு நாட்டுத் தயாரிப்பு. அந்த நாட்டில் தெர்மோகப்பிள் கேபிளுக்கு மட்டும் சிவப்பு என்றால் மைனஸ்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போய் மறுமுனையைப் பார்த்தாள். அங்கேயும் தலைகீழ்.

நடந்ததை அவளால் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்ல முடிந்தது. திரைப் பக்க முனையைக் கம்பெனியே சரியாக மாட்டி அனுப்பியிருக்கும். உலைப் பக்கம் அவர் பழக்கத்தில் சிவப்பைப் பிளஸில் கட்டியிருக்கிறார். உலையைச் சூடாக்கியதும் திரையில் எண் ஏறாமல் இறங்கியிருக்கிறது. எங்கேயோ மாறிவிட்டது என்று புரிந்து, உலைப் பக்கம் போய்ப் பார்க்காமல், கைக்கு எட்டிய திரைப் பக்கத்திலேயே இரண்டு கம்பியையும் மாற்றிக் கட்டியிருக்கிறார். எண் ஏறியிருக்கிறது. சரியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார். இரண்டு தப்பு சேர்ந்தால் ஒரு சரி என்று.

உலை குளிர்ந்திருக்கும்போது அது சரிதான். இணைப்புப் பெட்டியும் கட்டுப்பாட்டு அறையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உலை எரிய ஆரம்பித்ததும் அதன் விலாவில் இருக்கும் பெட்டியும் சுடும். அது எவ்வளவு கூடுதலாகச் சுடுகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு, திரையில் எண் குறைந்து காட்டும். குறைகிறதே என்று உலை தானாக இன்னும் எரியும். திரையில் எழுநூற்றைம்பது பாறை மாதிரி நிற்கும். உள்ளே கம்பி எண்ணூறில் வேகும்.

பழைய கலவையைச் சோதித்தது பழைய உலையில். அதற்குப் பழைய கேபிள்.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். ஆபரேட்டரை சாட்சிக்கு வைத்துக்கொண்டு இயக்குநரை இறங்கி வரச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு பலமுறை அவள் இதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: எல்லார் முன்னாலும் அவருக்குத் தலைகுனிவு வேண்டாம், முதலில் அவரிடம் சொல்லிவிடலாம். மூடியைப் பழையபடி போடச் சொன்னாள். இயக்குநர் அறைக்குப் போய், நாளைக் காலை உலைக்கூடத்தில் பத்து நிமிடம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி உட்கார்ந்திருந்தான். வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான். அவன் வேலை அணு உலையில், பராமரிப்புப் பிரிவில். அவள் செய்யும் குழாய்களைச் செருகுவதும் உருவுவதும் அவன் ஆட்கள்தான்.

"என்னக்கா, மூஞ்சி உலை மாதிரி இருக்கு" என்றான். "மாமா ஏதாவது சொன்னாரா?"

"நான் ஒண்ணும் சொல்லலை மச்சான்" என்றார் கணவர், தட்டை இழுத்துக்கொண்டே. "அவ கம்பி சொல்லிடுச்சு."

"அப்ப கோபால்ட்தானா மறுபடி?" தம்பி சிரித்தான். "போச்சு. என் பேட்ஜ் இப்பவே நெறைஞ்சு போச்சுக்கா. இந்த வருஷம் இனி மேஜை வேலைதான். உள்ளே எங்களுக்கு ரிலே ரேஸ் தெரியுமா? ஒருத்தன் ஓடிப்போய் நட்டைக் கழட்டுவான், ஓடி வந்துடுவான். அடுத்தவன் போய் ஒரு இழுப்பு இழுப்பான், ஓடி வந்துடுவான். எல்லாரும் நல்லா ஓடுறோம். கப்புதான் தர மாட்டேங்கிறாங்க."

அவன் சிரித்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது. இவன் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தியிருக்கும் அந்த பேட்ஜ் என்ன சொல்கிறது என்று அவன் மனைவியிடம் சொன்னதில்லை. அக்காவிடம் மட்டும் ஜோக்காகச் சொல்வான்.

"கம்பி ஒண்ணும் சொல்லலை" என்றாள் அவள். "உலைதான் பொய் சொல்லுச்சு."

கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துகள் ஊதிக் கிடக்கு. எண்ணூறு டிகிரிக்குக் குறைஞ்சு அப்படி ஆகாது."

"இங்க பாரு" என்றார் அவர் நிதானமாக. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காலங்காலமா சொல்றதுதான். உன் அலாய் தாங்கலை. அதை ஏத்துக்க. அதுக்கு என் உலைய ஏன் இழுக்கிற?"

"உங்க உலையில கேபிள் மாறியிருக்கு."

"மாறியிருந்தா எண் இறங்கும். இறங்குச்சா? ஏறுச்சுல்ல?"

"ரெண்டு முனையிலயும் மாறியிருக்கு."

அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். சிவப்புக் கம்பி, கேபிளில் அச்சடித்த எழுத்து, பெட்டியின் சூடு என்று எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. தம்பி மெல்வதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் கணவர் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "இப்ப சாப்பிடு."

புரிந்துகொண்டார் என்று நினைத்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியதுபோலக்கூட இருந்தது. காலையில் அவள் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். சீக்கிரம் ஒரு மீட்டிங் என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் ஹேர் டிரையரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள்.

உலைக்கூடத்தில் இயக்குநர், நேற்றைய கூட்டத்தில் இருந்த இரண்டு பேர், கணவர், ஆபரேட்டர் எல்லோரும் நின்றார்கள். கணவர் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உலை குளிர்ந்திருந்தது. எல்லோரும் பார்ப்பதற்காக ஆபரேட்டர் திரையைத் திருப்பி வைத்திருந்தார். அறையின் சூடு, இருபத்தெட்டு, அதில் தெரிந்தது.

அவள் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தாள். இரண்டு பேரில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"உலைக்குள்ள ஒண்ணும் செய்யப்போறதில்லை சார்" என்றாள். "இந்தப் பெட்டியை மட்டும் சூடு பண்ணப்போறேன். வயரிங் சரியா இருந்தா எண் அசையக் கூடாது. மாறியிருந்தா குறையும்."

பெட்டியின்மேல் சூடான காற்றைப் பிடித்தாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு. காற்று இரைந்தது. பெட்டி தொட்டால் சுடும் அளவுக்கு வந்தது. இருபத்தெட்டு. அவள் இன்னும் பக்கத்தில் பிடித்தாள். கை வலித்தது. இருபத்தெட்டு.

"தலை காஞ்சிருக்குமேம்மா" என்றார் சிரித்தவர்.

இயக்குநர் சிரிக்கவில்லை. மறுபடி அந்தப் 'பாவம்' முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "விடுங்கம்மா. மனசு ஒத்துக்காது, எனக்கும் தெரியும். ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

அவள் ஹேர் டிரையரை அணைத்தாள். காதுக்குள் மட்டும் இரைச்சல் நிற்கவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட் தரை. பார்க்க ஒன்றுமில்லாத தரை.

அவள் திரும்பிப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். ஸ்க்ரூ டிரைவர் யாரையும் கேட்கவில்லை, ஆபரேட்டரின் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டாள். மூடி சுட்டது. சுடட்டும்.

சிவப்புக் கம்பி மைனஸ் திருகில் இருந்தது.

திருகுகளின் தலையில் புதிதாகக் கீறிய பளபளப்பு. மாதக்கணக்கில் சூட்டில் கிடந்து அழுக்கேறிய இரண்டு திருகு, அதன் நடுவில் வெள்ளிக்கோடு. அவளுக்கு முதலில் மூச்சே வரவில்லை. பிறகு வந்தது. வந்தபோது அது அவளுடைய மூச்சு மாதிரி இல்லை.

"சார், இங்க வாங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. மியூட் மேடம் இப்படி ஒரு குரலில் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"வாங்கன்னு சொல்றேன்."

இயக்குநர் வந்தார்.

"இந்தக் கம்பிய பாருங்க. நேரா இருக்க வேண்டியது. பக்கவாட்டில வளைஞ்சு, தாண்டிப்போற மாதிரி நிக்குது பாருங்க. இவ்வளவு மாசமா அந்தப் பக்கத் திருகில இருந்திருக்கு. சூட்டில இருந்த இடத்திலேயே இறுகிடுச்சு. இப்ப யாரோ வலுக்கட்டாயமா இந்தப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்காங்க. திருகு கழட்டினேன்னா தானா பழைய இடத்துக்குப் போகும்."

அவள் இரண்டு திருகையும் தளர்த்தினாள். கம்பிகள் ஒரு துள்ளு துள்ளி, ஒன்றையொன்று தாண்டி, எதிர்த் திருகின் பக்கம் போய் நின்றன. வேறு வீட்டில் கட்டிப்போட்ட கன்று கயிறு அவிழ்ந்ததும் ஓடுவதுபோல.

ஆபரேட்டர் மெல்ல விசில் அடித்தார். பிறகு தன் வாயைத் தானே மூடிக்கொண்டார்.

அவள் கம்பிகளை அவை போன இடத்திலேயே கட்டினாள். கட்டுப்பாட்டு அறைக்குள் போய் மறுமுனையையும் மாற்றினாள். அங்கேயும் திருகில் வெள்ளிக்கோடு இருந்தது. திரும்பி வந்து, பெட்டி ஆறும்வரை பொறுத்து, ஹேர் டிரையரை எடுத்து அதன்மேல் பிடித்தாள்.

இருபத்தெட்டு இருபதானது. பத்தானது. ஐந்து. பூஜ்யம். எண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய கோடு வந்தது. மைனஸ் எட்டு. மைனஸ் பதினைந்து. எல்லோருக்கும் நெற்றியில் வேர்த்துக்கொண்டிருந்தது. சூடான காற்று பெட்டியில் பட்டு எல்லோர் முகத்திலும் அடித்தது. திரை மட்டும் உலைக்குள் பனி உறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஐஸ் வண்டிக்காரனை வரச் சொல்லட்டுமா?" என்றார் ஆபரேட்டர். யாரும் சிரிக்கவில்லை.

"உலைக்குள்ள கையை விட்டுப் பாருங்க சார்" என்றாள் அவள். "பனி இருக்கான்னு பாருங்க. கருவி பொய் சொல்லாதுன்னு நேத்து சொன்னாங்கல்ல? என் கம்பி அந்த உலையில எண்ணூறு டிகிரியில ரெண்டு மாசம் தொங்கிச்சு. எழுநூற்றைம்பதுன்னு எழுதினீங்க. பாவம்னீங்க."

"யார் மாத்தினது?" என்றார் இயக்குநர். "காலைல யார் இதைத் தொட்டது?"

ஆபரேட்டர் கூரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையே சொன்னது. கூடத்தின் சாவி அவரிடம்தான்.

அவளுக்கும் தெரியும். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும். தாலி கட்டின நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"கருவிப் பிரிவுத் தலைவரைக் கேளுங்க சார்."

அவர் முகம் வெளுத்தது. பிறகு, "நான்தான் சார்" என்றார். "நேத்து ராத்திரிதான் எனக்கே தெரிஞ்சுது. தப்பா இருக்கிறதை விட்டுவைக்கக் கூடாதேன்னு சரி பண்ணினேன். அப்புறம் மெதுவா உங்ககிட்ட சொல்லலாம்னு..."

"எப்ப மெதுவா?" என்றாள் அவள். "என் கட்டிய உருக்கினப்புறமா?"

"ஏய், இங்க வெச்சு வேண்டாம்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "சரிதான் பண்ணியிருக்கேன். கெடுக்கலையே."

"சரி பண்ணிட்டு இங்க வந்து நின்னீங்க. நான் இந்த டிரையரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்துக்கிட்டே நின்னீங்க. அவர் சிரிச்சப்பவும் நின்னீங்க."

அவர் கைகளை முன்னால் கொண்டுவந்தார், மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

இயக்குநர் இருமிக்கொண்டார். இரண்டு கையையும் விரித்துத் தண்ணீர் தெளிப்பதுபோல ஆட்டினார். "சரி, சரி. இது ஒரே வீட்டு விஷயம். நீங்க ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து பேசிக்குங்க. அடுத்த வருஷத் திட்டத்தில மறுசோதனைக்கு இடம் இருக்கான்னு நான் பாக்கறேன்."

"வீட்ல பேசினதுதான் சார் நான் பண்ணின தப்பு."

அவள் ஹேர் டிரையரை ஸ்டூலின்மேல் வைத்தாள்.

"இது வீட்டு விஷயம் இல்லை" என்றாள். "அந்தக் குழாயை உருவப்போறவங்க விஷயம். பத்து வருஷத்துக்கு கோபால்ட் ஆர்டர் போட்டா பத்து வருஷம் அவங்க உடம்பிலதான் ஏறும். அடுத்த வருஷம்லாம் வேண்டாம். ஆர்டரை நிறுத்துங்க. கட்டியத் திருப்பி வரச் சொல்லுங்க. சோதிக்காத கம்பி ஒண்ணு எங்கிட்ட மிச்சம் இருக்கு. இன்னைக்கே தொங்க விடணும்."

"இன்னைக்கேவா?"

"உலை சும்மாதானே இருக்கு சார். பனி பெய்யறதுக்கா வெச்சிருக்கோம்?"

இயக்குநர் அவளைப் பார்த்தார். புதிதாக யாரோ வேலைக்கு வந்திருப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து ஆர்டரை நிறுத்தச் சொன்னார். அடுத்து உருக்குக்கூடத்தைக் கூப்பிட்டார். அவர் முகம் மாறியதும் அவள் காத்திருக்கவில்லை. மதில் ஓரமாக, கொட்டகைகளைத் தாண்டி ஓடினாள். ஆபரேட்டர் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். "மேடம், மெதுவா. எனக்கு முட்டி இல்லை."

உருக்குக்கூடத்தில் அறுக்கும் மெஷினில் கட்டி மாட்டியிருந்தது. ஒரு மூலை ஏற்கெனவே அறுத்து எறியப்பட்டிருந்தது. அறுத்தவர் பிளேடை நிறுத்திவிட்டு, ஃபோன் இப்போதுதான் வந்தது, தன் மேல் தப்பில்லை என்றார். அவள் அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. மீதி போதும். இன்னும் இருபது கம்பிக்குத் தேறும். அவள் அறுந்த மூலையையும் கீழே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் கம்பியை உலைக்குள் தொங்கவிட்டார்கள். எடையை ஆபரேட்டர் மாட்டினார். இணைப்புப் பெட்டியை அவளே திறந்தாள். வளைந்து இறுகிப்போயிருந்த கேபிள் முனையை நறுக்கி எறிந்துவிட்டு, புதிதாக உரித்து, கேபிளின் எழுத்தை மறுபடி ஒருமுறை படித்து, சிவப்பை மைனஸில் கட்டினாள்.

கணவர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் கையில் அவருடைய சொந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"நான் கட்டித் தரட்டுமா?"

"வேண்டாம்."

"கட்டுப்பாட்டு அறைப் பக்கம் நான் பாக்கறேன்."

"அதையும் நானே பாத்துட்டேன்."

உலை சூடேறத் தொடங்கியது. அவர் போகவில்லை. ஒரு தூணில் சாய்ந்து நின்றார். ஆபரேட்டர் இருவரையும் பார்த்தார், டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினார். எண் ஏறியது. நூறுகளைத் தாண்டியது. எழுநூற்றைம்பதுக்கு வந்து நின்றது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"இன்னைக்கு நான் எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் அவர். "என் தப்புன்னு. எல்லாத்தையும்."

"எழுதுங்க."

"உன் தம்பிகிட்ட நானே சொல்றேன்."

தம்பி இதற்கும் சிரிப்பான். அதை நினைத்ததும் மறுபடி எரிந்தது. ஹேர் டிரையரை எடுத்துச் செருகினாள். ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்த பெட்டியின்மேல் இன்னும் சூடான காற்றைப் பிடித்தாள். கை வலிக்கும்வரை பிடித்தாள். எழுநூற்றைம்பது. அது அசையவில்லை.

"இப்பவாவது நம்புறியா?" என்றார் கணவர்.

அவள் ஹேர் டிரையரை அணைத்தாள். வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"கருவிய நம்புறேன்" என்றாள்.

பிறகு ஸ்டூலை இழுத்து உலைக்கும் அவருக்கும் நடுவில் போட்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.